புதுப்பிப்பு: வலிமிகும் இடங்களும் பாட்டியின் உளியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வலிமிகும் இடங்களை, அதாவது இரண்டு சொல்லுக்கு நடுவே க், ச், த், ப் கூடுதலாக வரும் இடங்களை, எப்படிச் சொல்லித் தருவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள், ரொம்ப நன்றி.

முதலில் அட்டை விளையாட்டு. க், ச், த், ப் அட்டைகளோடு நான்கு பேர் ஓரமாக நிற்பார்கள். ஒருவர் 'அந்த', இன்னொருவர் 'கடை' என்று பிடித்து நின்றதும் 'க்' ஓடி வந்து நடுவில் நுழைய வேண்டும். 'வந்த', 'பையன்' நின்றால் யாரும் அசையக் கூடாது. 'வந்த' போன்ற பெயரெச்சத்துக்குப் பின் வலி மிகாது என்பது அப்படிச் சும்மா நிற்கும்போதுதான் நன்றாகப் பதிகிறது.

கட்டுரைக்கு வேறு வழி. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டாலும், ரப்பர் மரத்தை உளியால் கீறிப் பால் எடுத்த தாத்தா பாட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுச் சில வரிகள் எழுதச் சொன்னேன். 'அழகான', 'அருமையான' கூடாது; வினைச்சொல்தான் வேலை செய்ய வேண்டும். ஒரு பிள்ளை எழுதியது: "பாட்டி உளியைத் தீட்டினார். வாளியைக் கழுவினார். விடியும் முன்னே கிளம்பினார்." மனப்பாடக் கட்டுரையில் இந்த உயிர் எங்கே வரும்!

அப்புறம் அதே வரிகளைப் பலகையில் எழுதி, 'ஐ' உருபுக்குப் பின் த், க் வந்த இடங்களை வட்டமிட வைத்தேன். அடுத்து 'கு' உருபு. 'காட்டுக்குப் போனார்', 'வேலைக்குக் கிளம்பினார்' என்று அவர்கள் நோட்டிலேயே நிறையக் கிடக்கிறது.