தண்டவாளத்தில் நடந்துபோகும் அவர் யார்?

தினப்பயணி:
மேல்மருவத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். காலையில் பெரும்பாலும் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தென்படுவார். ஆரஞ்சு மேலாடை, தோளில் நீண்ட சுத்தியல், சுருட்டிய கொடி. ரயில் வந்தால் ஒதுங்கி நிற்பார். அவருக்கு என்ன வேலை? பயணிகளாகிய நாம் அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா?

கீமேன் மகள்:
அவர் கீமேன். என் அப்பா அரியலூர்ப் பக்கம் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் எல்லைக்குள் உள்ள தண்டவாளத்தைத் தினமும் நடந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் ரயில் அதிர்வில் நழுவும். அவற்றை அடித்து ஏற்றத்தான் சுத்தியல். மார்கழிக் குளிரில் இரும்பு சுருங்கி விரிசல் விடும், சித்திரை வெயிலில் நீண்டு நெளியும். விரிசலைக் கண்டால் சிவப்புக் கொடி காட்டி, ரயில் வரும் திசையை நோக்கி ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர் (சத்தம் எழுப்பும் எச்சரிக்கை வெடி) வைக்க வேண்டும், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறினால் வெடிக்கும், ஓட்டுநர் நிறுத்துவார். கல்லும் ஜல்லியுமான பாதையில் அந்த ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

என்ன செய்யலாம் என்றால், ஜன்னல் வழியே எதையும் எறியாதீர்கள். யாரோ பாதித் தண்ணீரோடு வீசிய பாட்டில் பட்டு அப்பாவின் இடது புருவம் கிழிந்தது. கழிவைப் பாதையில் கொட்டாத பயோ கழிப்பறை ரயிலில் வருவதற்கு முன்பு ரயில் கடக்கும்போது அவர் மேல் என்னவெல்லாம் தெறித்தது என்பதை இங்கே எழுத வேண்டாம். அவர் உடுப்பை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பார்.

கணக்கர்:
சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைதானே அம்மா, எதற்கு இவ்வளவு உருக்கம்?

கீமேன் மகள்:
உருக்கம் யார் கேட்டார்கள்? பாட்டிலை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குச் சம்பளம் தேவையில்லை, ஐயா.

ஓய்வுபெற்ற ரயில் கார்டு:
மழைக்கால இரவு ரோந்தையும் சொல்லுங்கள். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை அரித்துப் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஐப்பசி, கார்த்திகையில் விளக்கோடு இருட்டில் நடப்பவர்களை நம்பித்தான் நாங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். இரட்டைப் பாதையில் ஒரு ரயிலின் இரைச்சலில் எதிர்ப்பாதையில் வருவது காதில் விழாது. அப்படிப் போனவர்களும் உண்டு.

தினப்பயணி:
நன்றி. நாளை பார்த்தால் கையசைக்கலாமா?

கீமேன் மகள்:
தாராளமாக. ஆனால் அவர் சும்மா ஒதுங்கி நிற்பதில்லை. பெட்டிக்கு அடியில் ஏதாவது தொங்குகிறதா, அச்சு புகைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பதிலுக்குக் கையசைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.