அறைக்கு டொலர், சமையலுக்கு ரூபாய்: உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளி, திருகோணமலை

ஆறு அறைகள் உள்ள சிறிய விடுதி நடத்துகிறேன். எங்கள் பக்கத்துக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. தெற்குக் கரையில் மழையும் அலையுமாக இருக்கும் மாதங்களில்தான் எங்கள் கடல் அமைதியாகக் கிடக்கும். இலங்கை ரூபாய் விழுந்த வருடம் முதல் இன்றுவரை என் முற்றத்தில் பார்த்ததை எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்களும் விருந்தாளியாக வந்து போனவர்களும் தொடர்ந்து எழுதுங்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360. என் அறை வாடகை 6,000 ரூபாய், அதை நான் தொடவே இல்லை. ஆனாலும் வெளிநாட்டவருக்கு 30 டொலராக இருந்த அறை 17 டொலருக்கு வந்துவிட்டது. இனிச் சனம் குவியும் என்று கொழும்பிலிருந்து மச்சான் போன் எடுத்துச் சொன்னார். குவியவில்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. எவ்வளவு மலிவாக இருந்தாலும் அப்படி ஓர் ஊருக்குப் பிள்ளைகுட்டியோடு யார் வருவார்கள்?

ஓகஸ்டில் ஓர் ஐரோப்பியச் சோடி இரவு ரயிலில் வந்து இறங்கியது. ஐந்து நாள் தங்குவதாகவும் 4,000 ரூபாய்க்குத் தரமுடியுமா என்றும் கேட்டார்கள். மற்ற ஐந்து அறைகளும் பூட்டிக் கிடந்தன. சரி என்றேன். அதாவது 11 டொலர்.

அன்று இரவு சமையல் அக்கா, “தம்பி, அறையை என்ன விலைக்குக் கொடுத்தனீங்கள்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். அந்த மௌனம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அவருக்கு மாதம் 35,000 ரூபாய் கொடுத்து வந்தேன். பழைய விகிதத்தில் அது 175 டொலர், அந்த ஓகஸ்டில் 97. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாய்க்குள் கிடைத்த பெரிய காஸ் சிலிண்டர் 5,000ஐ நெருங்கியிருந்தது. பேரம் பேசிய பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், போகும்போது அக்காவைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். அவர்களுடைய கைபேசி டொலரின் விலையைக் காட்டியது. காஸின் விலையைக் காட்டவில்லை.

அடுத்த சீசனுக்கு வாடகையை 30 டொலர் என்றே நிர்ணயித்தேன். அக்காவின் சம்பளத்தை 55,000 ஆக்கினேன். அப்புறம் ரூபாய் மெல்ல எழும்பி 2024இல் டொலர் 300 அளவுக்கு இறங்கியது. 360இல் 10,800 ரூபாயாக வந்திருக்கக்கூடிய அதே 30 டொலர் அந்த விகிதத்தில் 9,000. அதிலும் முன்பதிவுத் தளத்துக்குத் தரகு போகும். காஸும் மாவும் ஏறிய அளவுக்கு இறங்கவில்லை. நாட்டுக்கு நல்லது நடக்கும்போது என் கணக்குக் கொப்பியில் துண்டு விழுகிறது. உங்களுக்கும் இப்படித்தானா?

ஹட்டன், இப்போது மிரிஸ்ஸ

அண்ணா, நான் தோட்டத்துப் பையன். நான்கு வருடமாகத் தெற்கில் சமையலறை வேலை. 2022 ஜனவரியில் இலங்கைக்கு அதிகம் வந்தவர்கள் ரஷ்யர்கள்தான். எங்கள் கடைப் பலகையிலும் ரஷ்ய எழுத்து ஏறிவிட்டது. ஓர் உக்ரேனியப் பெண் எனக்கு போர்ஷ் சூப் வைக்கச் சொல்லித்தந்தார். பீட்ரூட் எங்கள் மலைச்சாமான்தானே, கை உடனே படிந்துவிட்டது.

பெப்ரவரி 24இல் போர் தொடங்கியது. அந்தச் சூப்பை இரண்டு நாட்டுக்காரர்களும் தள்ளித் தள்ளி இருந்து குடித்தார்கள், சத்தமே இல்லை. மார்ச் 10 முதல் ரஷ்ய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் வெளிநாட்டில் வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி மூன்று அட்டைகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். முதலாளி கடன் கொப்பியை எடுத்தார். மூன்று வாரம் ரூபாயில் எழுதினோம். மார்ச் முடிவதற்குள் டொலர் 290ஐத் தாண்டியதால், அவர்கள் டொலரில் கணக்குத் தீர்க்க வந்த அன்று கடன் தானாகவே சுருங்கியிருந்தது. அந்தப் பெண் அதைக் கவனித்து, குறைந்த தொகையையும் சேர்த்து மேசையில் வைத்தார். சமையலறைக்கும் பங்கு வந்தது.

பிறகு காலம் மாறியது. இந்தக் கரையில் சில ரஷ்யர்கள் தாங்களே கடை திறந்தார்கள். முதலாளி, சமையல், வாடிக்கையாளர் எல்லாம் அவர்கள் ஆட்களே. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்ற பொருளில் விளம்பரம் செய்த விருந்து ஊரையே கொதிக்க வைத்து ரத்தானது. என் சொந்த நாட்டில் நான் உள்ளே போக முடியாத ஓர் இடமா என்று மிகவும் வலித்தது. கடன் தீர்க்க வந்த அந்தப் பெண்ணை நினைத்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டேன்.

திருச்சி

நான் விருந்தாளிப் பக்கம். 2024 கோடையில் குடும்பத்தோடு வந்தோம். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்க்கு மேல். வாழ்க்கையில் முதல்முறையாக வெளிநாட்டில் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டேன். சிகிரியாவிலும் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அப்போது பாதிக் கட்டணம். சில கடைகளில் யுபிஐ கூட எடுத்துக்கொண்டார்கள். கோணேஸ்வரம் போகும் வழியில் இளநீர்க்காரரிடம் பழக்கதோஷத்தில் விலை குறைக்கக் கேட்டேன். “எங்களுக்கு அது ஒரு ராத்தல் பாண் காசு, ஐயா” என்றார். பாண் என்றால் ரொட்டி. கேட்ட விலையைக் கொடுத்தேன். ஆனால் அண்ணா, எங்களைப் போன்றவர்கள் வருவதால் உங்களுக்கு லாபமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

உப்புவெளி, திருகோணமலை

லாபம்தான், ஆனால் வேறு மாதிரி. ஐரோப்பியர்கள் ஐந்து நாள் தங்கி, சைக்கிள் எடுத்து, புறாத்தீவுக்குப் படகு பிடித்து, ஊருக்குள் காசை இறைப்பார்கள். என்னிடம் வரும் இந்தியக் குடும்பங்கள் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறு பார்த்து ஒரே இரவில் கிளம்பிவிடுவார்கள். வாகனமும் கொழும்பிலிருந்தே வந்துவிடும், இங்குள்ள ஓட்டோக்காரருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு சீசன் இல்லாத மாதங்களிலும் வருகிறார்கள். அது பெரிய விஷயம். இரண்டு அறைகளில் கூடுதல் கட்டில் போட்டேன், சைவத்துக்குத் தனிப் பாத்திரம் வாங்கினேன்.

ஒரு நாட்டுக்காரரை மட்டும் நம்பப் பயமாக இருக்கிறது. கிழக்குக் கரையின் அறுகம்குடாவில் இஸ்ரேலியர்களுக்கென்றே கடைப்பலகை எழுத்தும் சாப்பாடும் மாறியிருந்தது. 2024 ஒக்டோபரில் அங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டதும், இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொல்லிவிட்டது.

அக்காவுடன் இப்போது வேறு ஏற்பாடு. சம்பளத்துக்கு மேல், வாடகையில் நூற்றுக்குப் பத்து, எந்த நாட்டுக் காசில் வந்தாலும், அன்றைய விகிதத்தில். முதல் மாதம் தொகையைக் கையில் கொடுத்தபோது மூன்று தரம் எண்ணினார்.

ஹட்டன் தம்பி, அந்தப் பீட்ரூட் சூப்பை அளவோடு எழுதி அனுப்புங்கள். ஜூனுக்கு இரண்டு ரஷ்யக் குடும்பங்கள் அறை கேட்டிருக்கின்றன. அக்கா இப்போதே பழக வேண்டும் என்கிறார்.