கை ஓங்க வேண்டிய நேரம்: தற்காப்பும் அதற்குப் பின் வந்த வழக்கும், உங்கள் அனுபவம் என்ன?

தோப்புக்காரர் மகன், திண்டுக்கல் பக்கம்

2019 ஐப்பசி மாசம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். மோட்டார் ரூம் பக்கம் நாய் விடாமல் குரைத்தது. அப்பா டார்ச்சையும் மம்பட்டியையும் எடுத்துக்கொண்டு போக, நானும் பின்னாலேயே ஓடினேன். ரெண்டு பேர் செம்புக் கம்பிக்காக மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வேலியைத் தாண்டிவிட்டான். இன்னொருத்தன் அரிவாளை வீச, அப்பா இடது முன்னங்கையைக் கொடுத்துத் தடுத்தார். அடுத்த நொடி மம்பட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அவன் தோளில் ஒரே போடு. அரிவாள் வாய்க்காலில் விழுந்தது, அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு வந்த சித்தப்பா, "கையைக் காலை ஒடிச்சு விடுவோம்ணே" என்று கட்டையைத் தூக்கினார். அப்பா குறுக்கே நின்றார். "அருவா கீழ கெடக்குடா. இனிமே அடிச்சா தப்பு நம்ம பேர்ல." அப்பா ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவர். அன்றைக்கு அவர் சொன்ன அந்த வார்த்தைதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் ஒரு தப்புச் செய்தோம். அப்பா கையில் காப்பித்தூளை அப்பி, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். 100-க்கும் கூப்பிடவில்லை, ஜி.ஹெச்-க்கும் போகவில்லை. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டான். காயம்பட்டு வருகிறவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதுகிற விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். காப்பி) "தெரிந்த நபர்கள் கட்டையால் தாக்கியதாக" என்று பதிவாகிவிட்டது. மூணாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அப்பா மேல் ஆபாசமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விட்டது என்று வழக்கு: 294(பி), 324, 506(2). நாங்கள் திருட்டு, அரிவாள் வெட்டு என்று புகார் எழுதிக் கொடுத்தபோது முதல் கேள்வியே, "வெட்டுப்பட்ட ஆளு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்பதுதான். பதில் சொல்ல முடியாமல் நின்றோம்.

நாலு வருஷம் வாய்தா. கடைசியில் அப்பா விடுதலையானார். வாய்க்காலில் கிடந்த அரிவாள் மகஜரில் (போலீஸ் சாட்சிகளோடு எழுதும் கைப்பற்றல் பட்டியலில்) ஏறியிருந்ததும், பால் ஊற்ற வந்தவர் விடிகாலையிலேயே அப்பா கைக்கட்டில் ரத்தம் பார்த்ததாகச் சாட்சி சொன்னதும்தான் காரணம். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், உடம்பில் காயம் இருந்தால் அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு விளக்க வேண்டும், விளக்காவிட்டால் அவர்கள் கதையிலேயே சந்தேகம் விழும் என்று எங்கள் வக்கீல் வாதாடினார். அன்றைக்கு ராத்திரியே பத்து நிமிஷம் ஜி.ஹெச்-சில் நின்றிருந்தால் இவ்வளவு தூரம் அலைய வேண்டியிருந்திருக்காது.

டியூஷன் டீச்சர், திருச்சி

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். என்னுடையது சின்னச் சம்பவம். போன வருஷம் தெருவிளக்கு எரியாத சந்தில் ஒருத்தன் பின்னாலிருந்து வாயைப் பொத்தி இழுத்தான். கையில் இருந்தது ஸ்கூட்டி சாவிதான். அவன் முகத்தில் குத்தினேன், கண்ணுக்குக் கீழே கிழிந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், "உங்களுக்குக் காயம் எதுவும் இல்லையேம்மா, அவனுக்குத்தானே ரத்தம்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. காயம் படுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டுமா?

மாஜிஸ்திரேட் கோர்ட் வக்கீல்

வேண்டாம் சகோதரி. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உடலைக் காக்கும் உரிமை தொடங்கிவிடுகிறது. இது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 40-வது பிரிவு. அந்த அச்சம் நீடிக்கும் வரை உரிமையும் நீடிக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐ.பி.சி.) 96 முதல் 106 வரை இருந்ததுதான் 2024 ஜூலை 1 முதல் 34 முதல் 44 வரை என்று ஆகியிருக்கிறது. சாரம் அதேதான்.

எதிராளியின் உயிர் போனாலும் குற்றமில்லை என்கிற அளவுக்கு உரிமை நீளும் சந்தர்ப்பங்களை 38-வது பிரிவு சொல்கிறது. உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவை அதில் உண்டு. ஆசிட் 2013-இல்தான் சேர்ந்தது. 2012-இல் மதுரையில், மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்ற கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு தாயை, பழைய 100-வது பிரிவைச் சொல்லிப் போலீஸே விடுவித்தது. அது அபூர்வம். பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கும். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

ஒவ்வொரு அடியையும் பொன் தராசில் நிறுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. தாக்கப்படுகிறவன் கோழையாக நிற்கத் தேவையில்லை என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் விழுந்தவனை அடித்தால், ஓடுகிறவனைத் துரத்திப்போய் வெட்டினால், அது பழிவாங்கல். வரம்பு மீறி உயிர் போனால், நல்லெண்ணத்தில் செய்ததாக இருந்தாலும், கொலையாகாத மரணம் என்ற குற்றம் நிற்கும். அதற்கும் ஜெயில்தான். தோப்புக்காரர் அப்பா சித்தப்பாவைத் தடுத்தாரே, சட்டம் போட்ட கோடு சரியாக அங்கேதான் இருக்கிறது.

மானாவாரி, கிருஷ்ணகிரி

வக்கீல் சார், எங்கள் காட்டில் பன்றி ஒரு பக்கம், களவு ஒரு பக்கம். வேலிக்குக் கரண்ட் கொடுத்தால் பொருளைக் காக்கும் உரிமையில் வராதா?

மாஜிஸ்திரேட் கோர்ட் வக்கீல்

தயவுசெய்து செய்யாதீர்கள். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37-வது பிரிவு. வெறும் திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் உயிரை எடுக்கும் உரிமை கிடையாது. கம்பிக்கு யார் வருகிறார் என்றும் தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. வெளிக்குப் போன பக்கத்துக் காட்டுக்காரர் கரண்ட் கம்பியை மிதித்துச் செத்த வழக்கு ஒன்றில் நானே ஆஜராகியிருக்கிறேன். வேலி போட்டவர் இறந்தவருக்கு மாமன் முறை.

டியூஷன் டீச்சர், திருச்சி

நன்றி சார். வாயைப் பொத்தியதில் உதட்டின் உள்பக்கம் பல் குத்தியிருந்தது. அன்றைக்கு நான் அதைக் காயமாகவே நினைக்கவில்லை. தோப்புக்காரரே, அப்பா கை இப்போது எப்படி இருக்கிறது?

தோப்புக்காரர் மகன், திண்டுக்கல் பக்கம்

சுண்டுவிரல் முழுசாக மடங்காது, மற்றபடி வேலை செய்கிறார். மம்பட்டி கோர்ட்டில் சான்றுப் பொருளாகச் சீட்டு ஒட்டிக் கிடந்தது. திரும்பக் கேட்கலாம் என்றார்கள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.