சித்தியும் அந்த ஒரே கப்பல் கம்பெனியும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

கார்த்தி: அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் முடிந்த கையோடு எல்லாரும் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறலாம் என்று ஒரு யோசனை. 12 பேர் தேறும். ஏஜென்ட் இரண்டு கப்பல் சொல்கிறார். ஒன்று ராயல் கரீபியன் கம்பெனியுடையது, பினாங்கு, புக்கெட் போய் வரும். இன்னொன்று கெண்டிங் ட்ரீம். இரண்டாவதற்கு விலை குறைவாகச் சொல்கிறார். எதைப் போடலாம்?

மீனா சித்தி: ராயல்

மீனா சித்தி: இதில் யோசிக்க என்ன இருக்கிறது

ப்ரியா அக்கா: 😂 சித்தி வேறு பெயர் சொல்லியிருந்தால் போன் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்திருப்பேன்

பெரியப்பா: எலே கார்த்தி, நாங்கள் முன்பு போன ஸ்டார் குரூஸ் விர்கோ என்ன ஆயிற்று? அதில் தாஜ் என்று இந்தியச் சாப்பாட்டுக்கே தனி இடம் உண்டு. போனால் அதில்தான் போகவேண்டும் என்கிறாள் உன் பெரியம்மா.

சித்தப்பா: அண்ணே, நீங்கள் போன அந்தப் பழைய ஸ்டார் குரூஸ் கம்பெனியே இப்போது இல்லை. தாய்க் கம்பெனி கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கடன் கட்டமுடியாமல் நொடித்துவிட்டது. ஆனால் விர்கோ பிழைத்துக்கொண்டது. 2019-லேயே எக்ஸ்ப்ளோரர் ட்ரீம் என்று பெயர் மாற்றினார்கள். 2023-இல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு ஒன் ஆனது. கார்த்தி சொல்லும் கெண்டிங் ட்ரீமும் அந்த வம்சம்தான், 2022-இல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூஸஸ் கைக்குப் போனது.

பெரியப்பா: விசுவாசமாக இருக்கலாம் என்றால் கம்பெனியே இல்லையா. நல்லது.

பெரியப்பா: மீனா, கோபித்துக்கொள்ளாதே. பேங்கில் இருந்தவன் புத்தி கேட்கிறது. ஒரே கம்பெனியைப் பிடித்துத் தொங்குவதில் உனக்கு என்ன லாபம்?

மீனா சித்தி: சமைத்துக்கொண்டிருக்கிறேன் அத்தான், வருகிறேன்

ப்ரியா அக்கா: அதுவரை நான் சொல்கிறேன் அப்பா. ராயலில் அடிக்கடி போகிறவர்களுக்குக் கிரவுன் அண்ட் ஆங்கர் என்று ஒரு புள்ளிக் கணக்கு. ஓர் இரவு தங்கினால் ஒரு புள்ளி, சூட் என்ற பெரிய அறை எடுத்தால் இரண்டு. 3 புள்ளிக்கு கோல்டு, 30-க்கு பிளாட்டினம், 55-க்கு எமரால்டு, 80-க்கு டயமண்ட், 175-க்கு டயமண்ட் பிளஸ். உச்சாணியில் 700-க்கு பினாக்கிள். பெற்றோருக்கு என்ன படியோ அதுவே பிள்ளைகளுக்கும். சித்தி டயமண்ட்.

பெரியப்பா: டயமண்ட் ஆனால் என்ன தருவான்?

ப்ரியா அக்கா: தினமும் நாலு பானம் இலவசம்.

பெரியப்பா: 80 ராத்திரிக்குக் காசு கட்டிவிட்டு நாலு கிளாஸ் ஜூஸா!

சித்தப்பா: காபியும் வாங்கலாம் அண்ணே. அவள் பங்கில் இரண்டு எனக்கு வந்துவிடும் என்பதால் நான் இந்த விஷயத்தில் வாய் திறப்பதில்லை.

ப்ரியா அக்கா: அப்பா, நீங்கள் கணக்கை மாற்றிப் போடுகிறீர்கள். 80-இல் கிடைப்பதற்காக யாரும் முதல் தடவை ஏறுவதில்லை. ஆனால் 70-இல் நிற்பவனிடம் வேறு கம்பெனி குறைந்த விலை சொன்னாலும் மனசு வராது. இன்னும் பத்து ராத்திரிதானே என்று தோன்றிவிடும். கம்பெனிக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பெரியப்பா: சீட்டுக் கட்டுபவன் நடுவில் விடமாட்டான், அதே கதை. சரி, நீ ஏன் அதிலேயே போகிறாய்?

ப்ரியா அக்கா: எனக்குப் புள்ளி எல்லாம் அப்புறம். வீட்டிலிருந்து காரை எடுத்தால் நியூ ஜெர்சியின் பேயோன் துறைமுகம். ராயல் கப்பல் அங்கிருந்துதான் கிளம்பும். விமானம் கிடையாது, இரண்டு பிள்ளைகளையும் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் நிற்பது கிடையாது. நாளைக்கே பக்கத்தில் வேறு கப்பல் வந்து நின்றால் ஏறிவிடுவேன் 🙈 எம்எஸ்சி என்ற கப்பல் கம்பெனியில் மற்ற கம்பெனி அட்டையைக் காட்டினால் அதற்குச் சமமான படி தருவார்கள் வேறு.

மீனா சித்தி: துரோகி

ப்ரியா அக்கா: 😂😂

மீனா சித்தி: வந்துவிட்டேன். அத்தான், லாபம் கேட்டீர்களே. ஒரு முறை வேறு கம்பெனியில் போனோம், பெயர் வேண்டாம். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் போன நாளிலிருந்து வேகவைத்த கேரட்டும் பிராக்கோலியும்தான். கேட்டால், பாஸ்தா இருக்கிறதே மேடம்.

மீனா சித்தி: இங்கே முதல் ராத்திரி மேஜையில் உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டர் வருவார். மங்களூர்க்காரர். முட்டை ஆகாது, மீன் சாஸ் ஆகாது என்று சொன்னேன், சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் இனிப்பு சாப்பிடும்போது நாளைய மெனுவைக் கொண்டுவந்து காட்டுவார். "இதில் முட்டை இருக்கிறது அம்மா, இது வேண்டாம், இதை வெண்ணெய் இல்லாமல் செய்யச் சொல்கிறேன்" என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வருவார். ஒரு நாள் மெனுவில் இல்லாத வெண்டைக்காய்ப் பொரியல் வந்தது. நான் கேட்கவே இல்லை.

மீனா சித்தி: நேரம் குறித்த சாப்பாடு எடுத்தால் தினமும் அதே மேஜை, அதே ஆட்கள். இரண்டாம் நாளே உங்கள் அண்ணன் தம்பிக்கெல்லாம் என்ன பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். டயமண்ட் இல்லாவிட்டாலும் நான் அதில்தான் போவேன்.

அம்மா: மீனா, காலையில் இட்லி கிடைக்குமா?

மீனா சித்தி: மேலே பஃபேயில் இந்தியச் சாப்பாட்டுக்கு ஒரு பகுதி இருக்கும் அக்கா. இட்லிக்கு நான் சத்தியம் செய்யமாட்டேன். தயிர் இருக்கும், சோறு இருக்கும், ஊறுகாய் நான் கொண்டுவருகிறேன்.

சித்தப்பா: ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டாள். கப்பலிலேயே நெக்ஸ்ட் குரூஸ் என்று ஒரு மேஜை போட்டிருப்பான். இறங்குவதற்குள் அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் டாலர் வரவு வைப்பான். கடைசி நாள் மாலை நான் பெட்டி கட்டுவேன், இவள் அந்த வரிசையில் நிற்பாள்.

மீனா சித்தி: நீங்கள் வேண்டாம் என்று சொன்னதே இல்லையே

சித்தப்பா: காபி அண்ணே, காபி.

பெரியப்பா: கோவிட் சமயத்தில் கட்டின பணம் என்னவாயிற்று?

சித்தப்பா: 2020-இல் பயணம் ரத்தானபோது இரண்டு வழி கொடுத்தார்கள். பணத்தை முழுதாகத் திருப்பி வாங்கலாம். இல்லையென்றால் 125 சதவீத மதிப்புக்கு அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம். இவள் எதை எடுத்தாள் என்று கேட்கவும் வேண்டுமா.

பெரியப்பா: கெட்டிக்காரன்தான். கப்பல் எல்லாம் கட்டிக்கிடந்த காலத்தில் வந்த பணத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்தான் பார்.

ப்ரியா அக்கா: எல்லாரும் அவ்வளவு சாமர்த்தியமாக இல்லை அப்பா. கார்னிவல் கப்பல் கம்பெனி 2025 ஜூனில் ஒரு அறிவிப்பு விட்டது. இதுவரை நாள் கணக்கில் புள்ளி, 200 நாள் போனால் டயமண்ட். இனி செலவழிக்கும் பணத்துக்குத்தான் நட்சத்திரக் கணக்கு, படியும் இரண்டிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும் என்றார்கள். வருஷக்கணக்காக மலிவு அறையில் போய்ப் போய் டயமண்ட் ஆன பெரியவர்களுக்கு வந்ததே கோபம். ஒரே சூட்டில் பணத்தைக் கொட்டுகிறவன் இவர்களை முந்திவிடுவானே.

பெரியப்பா: கோபம் நியாயம். கம்பெனி பக்கமும் நியாயம். எல்லாரும் டயமண்ட் ஆனால் டயமண்டுக்கு மரியாதை ஏது? லவுஞ்சில் உட்கார இடம் இருக்காது.

சித்தப்பா: அண்ணே, உங்களுக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு. ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் 100 ஷேர் கையில் வைத்திருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் செலவுக்கு டாலர் வரவு கேட்கலாம். நாள் கூடக்கூட தொகையும் கூடும்.

பெரியப்பா: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு டைப் அடித்திருக்கமாட்டேன். பங்குதாரராகவே ஏறுகிறேன்.

கார்த்தி: பெரியப்பா, ராயலில் 100 ஷேர் விலைக்கு நம்ம 12 பேரும் போய் வந்துவிடலாம் 😅

கார்த்தி: சென்னையிலிருந்தே கிளம்பும் கோர்டிலியா பார்க்கலாமா? 2022 ஜூனில் தொடங்கினார்களே.

சித்தப்பா: கோர்டிலியா ஓட்டும் எம்ப்ரஸ் 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டின கப்பல். எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ் என்று அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மீனா சித்தி: பார்த்தீர்களா! அங்கேயும் எங்கள் ஆள்தான்

கார்த்தி: சரி சித்தி, ஜெயித்துவிட்டீர்கள். உங்கள் டயமண்டில் எங்களுக்கு ஏதாவது உண்டா?

மீனா சித்தி: ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் படி சேரும் கண்ணா. உங்களுக்கு நான்தான் சலுகை. எல்லா புக்கிங்கையும் ஒன்றோடு ஒன்று இணைக்கச் சொல், அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து மேஜை கிடைக்கும். உன் அம்மாவுக்குத் தலைசுற்றும், அதனால் அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் எடு. மூக்குப் பக்கம் எடுக்காதே.

அம்மா: பால்கனி வேண்டாம், பயமாக இருக்கும்

மீனா சித்தி: அக்கா, பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்

கார்த்தி: ராயலே போடுகிறேன். எல்லாரும் பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம் போட்டோ எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். காலாவதியாக ஆறு மாதமாவது இருக்கவேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பி வருவதால் விசா மல்டிபிள் என்ட்ரி.

பெரியப்பா: என்னுடையது பீரோவில் இருக்கிறது. சாவி உன் பெரியம்மாவிடம். விர்கோ இல்லை என்று சொன்னதிலிருந்து அவள் பேசவில்லை. நாளைக்கு அனுப்புகிறேன்.