சிங்கப்பூர் வந்தாச்சு, திங்கட்கிழமை ஆபீஸ்: என்ன உடுப்பு வாங்குவது? (அவசரம்)

ஈசூன் புதுசு:
வணக்கம். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பெட்டியைத் திறந்தால் சுடிதார், மூன்று பட்டுப்புடவை, அம்மா திணித்த வடகம், பருப்புப்பொடி. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட நேற்று ஒருதரம் போனேன். எல்லாரும் கறுப்பு பேண்ட், வெளிர்ச் சட்டை. நான் மட்டும் மயில்கழுத்து நிறச் சுடிதார், ஜரிகை துப்பட்டா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் கூசிப்போய்விட்டது.

சீசனுக்குச் சீசன் மாற்ற எனக்கு வசதி இல்லை. ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். "என்றைக்கும் மாறாத கிளாசிக் உடைகள்" என்று தேடினால் வெள்ளைச் சட்டை, சின்னக் கறுப்பு கவுன், பிளேசர், டிரெஞ்ச் கோட், காஷ்மீர் ஸ்வெட்டர், கோடு போட்ட பனியன், தோல் லோஃபர் என்று பட்டியல் நீள்கிறது. எதெல்லாம் வேண்டும்? எங்கே வாங்கலாம்? இன்றைக்கே சொன்னால் புண்ணியமாகப் போகும்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
தங்கச்சி, முதல் சம்பளம் வரும்வரை ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) உடுப்புக்குச் செலவழிக்காதீர்கள். நான் வந்த புதிதில் கோப்பிக்கடைத் தேநீரைக்கூட ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிவிடுவேன். ஒரு ரூமில் ஆறு பேர், இஸ்திரிப்பெட்டிக்கு வரிசை. நாலு சட்டையில் வருடத்தை ஓட்டினேன். இதெல்லாம் ஊரிலேயே தி.நகரில் எடுத்திருக்க வேண்டியது. அடுத்த தடவை போகும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தேக்கா வாசி:
அண்ணே, அவர் கேட்டது திங்கட்கிழமைக்கு! நாலு சட்டையில் ஆண்கள் ஓட்டலாம், யாருக்கும் தெரியாது. எங்களுக்கு மூன்றாவது நாளே "இது செவ்வாய்க்கிழமை போட்டதுதானே" என்று கேள்வி வரும். தங்கச்சி, யுனிக்லோ துணிக்கடையில் கறுப்பு பேண்ட் இரண்டு, வெள்ளைச் சட்டை ஐந்து. முடிந்தது கதை.

ஊசிநூல்:
வெள்ளை ஐந்தா? ஈசூனிலிருந்து காலை நெரிசலில் எம்ஆர்டி ரயிலில் தினம் போய்வந்தால் அக்குளில் மஞ்சள் பூத்துவிடும். வியர்வை மட்டும் காரணம் இல்லை. வியர்வையடக்கியில் உள்ள அலுமினிய உப்பும் அதோடு சேர்ந்து படிகிறது. வெள்ளை ஒன்று போதும், மற்றவை கருநீலம், கறுப்பு, அடர் பச்சை என்று போகட்டும். சாம்பல் நிறம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு ஈரத்தையும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. டிரெஞ்ச் கோட் முதல் உலகப்போரில் குளிரிலும் சேற்றிலும் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் உடுப்பு. கோடு போட்ட பனியன் 1858ல் பிரெஞ்சு மாலுமிகளின் சீருடையில் சேர்ந்தது. ஷனெலின் சின்னக் கறுப்பு கவுன் படம் அமெரிக்க வோக் இதழில் வந்தது 1926ல். எல்லாம் குளிர்தேசத்துச் சரக்கு. பனியனும் கவுனும் பருத்தியில் கிடைத்தால் இங்கேயும் தாராளமாகப் போடலாம். பகலில் 31, 32 டிகிரி அடிக்கிற ஊரில் டிரெஞ்ச் கோட் போட்டால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த கதைதான்.

தேக்கா வாசி:
வெளியே கொப்பரை, சரி. ஆபீஸ் ஏசிக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். எங்கள் தளத்தில் பாதிப் பேர் நாற்காலியில் சால்வை வைத்திருக்கிறார்கள்.

பொங்கோல் மீனா:
வாங்குவது பெரிதில்லை அக்கா, துவைப்பதுதான் பாடு. நான் முதலில் இருந்த ரூமில் வாஷிங் மிஷின் வாரம் ஒரு நாள். ஏசி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். சமையல் "கொஞ்சமாக" செய்யலாம் என்றார்கள். அதாவது நூடுல்ஸ். ரசம் தாளித்த அன்றைக்கு வீட்டுக்கார அம்மா இருமிய இருமலில் எனக்கே பயம் வந்துவிட்டது.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
டிசம்பர் மழையில் ஜீன்ஸ் காயவே காயாது. ஜன்னலுக்கு வெளியே கழியில் மாட்டி நீட்டினால், மேல்மாடிக்காரர் துணியிலிருந்து நம் துணியில் சொட்டும். எடுத்து மோந்து பார்த்தால் ஊறவைத்த அரிசி வாசனை.

செங்காங் சித்தப்பா:
துணியை விடுங்கள், வாடகையைச் சொல்லுங்கள். இப்போது ஒரு ரூமுக்குக் கேட்கிற காசில் அந்தக் காலத்தில் முழு வீடே எடுத்திருக்கலாம். அதிலும் ஏஜெண்ட் போனில் "இந்தியரா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

பொங்கோல் மீனா:
ஐயோ, அதை ஆரம்பித்தால் விடிந்துவிடும் சித்தப்பா. எனக்கு நாலு முறை நடந்திருக்கிறது.

அங் மோ கியோ அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். இத்தனை பேர் பேசி, அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தங்கச்சி, என்ன வேலை? உட்கார்ந்த இடத்திலேயா, வெளியே அலைவதா? வாரம் எத்தனை தடவை துவைக்கலாம்? கையில் எவ்வளவு இருக்கிறது?

ஈசூன் புதுசு:
ஆடிட் கம்பெனி அக்கா, தஞ்சோங் பகாரில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் துவாஸ் கிடங்குகளில் சரக்கு எண்ணப் போக வேண்டுமாம். துவைப்பது சனிக்கிழமை மட்டும். 300 வெள்ளிக்கு மேல் முடியாது.

அங் மோ கியோ அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டிரெஞ்ச் கோட்டுக்கு இவ்வளவு பேச்சு வந்திருக்காது. சனிக்கிழமை மட்டும் துவைப்பது என்றால் மேலுடுப்பு குறைந்தது ஆறு வேண்டும். மீனா புலம்பியதுதான் இங்கே முக்கியமான தகவல்.

ஆறையும் கடையில் வாங்காதீர்கள். உங்கள் பருத்திச் சுடிதார் டாப்ஸில் ஒரே நிறமாக, வேலைப்பாடு குறைவாக உள்ள மூன்றை எடுத்துக்கொண்டு தேக்கா (லிட்டில் இந்தியா) சந்தை மாடிக்குப் போங்கள். தையல்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி, பக்கவாட்டுத் திறப்பைத் தைத்துவிடச் சொல்லுங்கள். பேண்டோடு போட்டால் யாரும் சுடிதார் என்று சொல்லமாட்டார்கள். துப்பட்டாவை வீட்டிலேயே வையுங்கள், கிடங்கில் தள்ளுவண்டியில் மாட்டிக்கொள்ளும்.

மீதி மூன்று கடையில். வெள்ளை ஒன்று, கருநீலம் ஒன்று, உங்களுக்குப் பிடித்த நிறம் ஒன்று. வெள்ளைச் சட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரல் தெரிந்தால் வேண்டாம். உள்ளே வெள்ளை போடாதீர்கள், உங்கள் தோல் நிறத்தில் போட்டால்தான் வெளியே தெரியாது. அப்புறம் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். மார்புப் பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால் ஒரு அளவு கூட்டி எடுத்து, இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

பேண்ட் இரண்டு, கறுப்பும் கருநீலமும், நேர்வெட்டு. லினன் அழகுதான், ஆனால் ரயிலிலிருந்து இறங்கும்போது கசக்கிப் போட்ட காகிதம். முழு பாலியெஸ்டரில் வாடை தங்கிவிடும். பருத்தி கலந்ததாகப் பாருங்கள்.

ஏசிக்கு மெல்லிய பருத்தி கார்டிகன் ஒன்று, ஆபீஸ் நாற்காலியிலேயே கிடக்கட்டும். காஷ்மீர் ஸ்வெட்டர் வேண்டாம். பிளேசரைப் புதிதாக வாங்காதீர்கள். ரீஃபாஷ் மாதிரி பழைய துணிக் கடைகளிலும் சால்வேஷன் ஆர்மி கடைகளிலும் நல்லதே கிடைக்கும். தோள்தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். கை நீளமும் இடுப்பும் தையல்காரர் பார்த்துக்கொள்வார், தோளைப் பிரித்துத் தைத்தால் பிளேசர் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும்.

காலணி முன்பக்கம் மூடியதாக, தட்டையாக, வழுக்காததாக. பாதுகாப்பு பூட்ஸ் வேண்டும் என்றால் உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள், சொந்தக் காசில் வாங்கிவிடாதீர்கள். தோல் லோஃபர் இப்போது வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் அலமாரியில் சும்மா கிடந்தால் பூஞ்சை பூக்கும். பட்டுப்புடவைக்கும் அதே கதி. ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வாங்கி அலமாரி மூலையில் வையுங்கள். மேலே உள்ள வெள்ளைக் குருணை கரைந்து அடியில் தண்ணீர் நிரம்பிவிட்டால் மாற்ற வேண்டும்.

கறுப்பு கவுன் விஷயம் போனஸ் வந்ததும் பார்க்கலாம். ஞாயிறு மாலை தேக்கா பக்கம் கால் வைக்க இடமிருக்காது, நாளை காலையே போய்விடுங்கள். முதலில் பேண்டையும் காலணியையும் வாங்கி, அதே காலணியைப் போட்டுக்கொண்டு தையல்காரர் முன்னால் நில்லுங்கள். இல்லையென்றால் பேண்ட் நீளம் தவறிவிடும்.