ஆறு வாரக் குழந்தையை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: நிலாவின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஆறு வாரம் நிறைந்துவிட்டது. சென்ற புதன்கிழமை தடுப்பூசிக்காக அவளைத் தூக்கிச் சென்றிருந்தபோது, ஆய்வுப் பணியாளர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, எங்கள் பகுதியில் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி இரண்டு ஆண்டுகள் நடக்கவிருக்கும் ஆய்வில் அவளைச் சேர்க்க விருப்பமா என்று கேட்டார். மருந்து எதுவும் கொடுக்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நலம் விசாரித்து எடை பார்ப்பார்கள். மாதம் ஒருமுறையும், வயிற்றுப்போக்கு வரும் நாட்களிலும் மலத்தைச் சிறு டப்பியில் வாங்கிச் செல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிதளவு ரத்தம் எடுப்பார்கள். நான்கு பக்கத் தகவல் தாளைக் கொடுத்து, யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டேன். என் மாமியாருக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை; நன்றாக இருக்கும் பிள்ளையின் கையில் எதற்காக ஊசி குத்த வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கணவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார். குழந்தைகளை வைத்து நடத்தப்படும் இத்தகைய ஆய்வுகளால் குழந்தைகளுக்கு உண்மையில் நன்மை கிடைத்திருக்கிறதா, கையெழுத்திடுவதற்கு முன் நான் எவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற செவிலியர்

தங்கைக்கு வணக்கம். நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அவற்றில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில் கழிந்தது. 1980களின் தொடக்கத்தில் நான் வேலையில் சேர்ந்தபோது, வயிற்றுப்போக்குக் காலம் வந்துவிட்டால் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுத்திருப்பார்கள். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளிவிட்டால் அது துணி மடிப்பைப் போல அப்படியே நிற்கும்; உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும்; அழுகைச் சத்தம் கேட்கும், கண்ணீர் வராது. வயிறு காயட்டும் என்று பாலையும் தண்ணீரையும் நிறுத்தி, குடலேற்றம் என்று எண்ணெய் தடவிப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் தூக்கி வருவார்கள். அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தும்படி மருத்துவர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

வயிற்றுப்போக்கால் குடல் நலிந்திருந்தாலும், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் இரண்டையும் அது ஒன்றாக உள்ளிழுத்துக்கொள்ளும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பது 1960களில் ஆய்வுக்கூடங்களில் தெளிவான உண்மை. 1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளுக்கு அந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்து, நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் பாட்டில்களின் தேவை வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். 1971 போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் பாட்டில்கள் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலானபீஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்க வைத்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. பிற்காலத்தில் எங்கள் வார்டில் பாலாடையால் ஒவ்வொரு மடக்காக அந்தக் கரைசலைப் புகட்டிக்கொண்டு அமர்ந்திருப்போம். நான்கு மணி நேரத்தில் குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால், அந்தத் தாய்க்கு இணையாக நாங்களும் மகிழ்ந்திருக்கிறோம்.

அந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரே நாளில் இன்றைய நிலையை அடைந்துவிடவில்லை. பழைய கலவையில் உப்பும் குளுக்கோஸும் சற்றுக் கூடுதலாக இருந்தன. அவற்றைக் குறைத்துக் கொடுத்தால் வாந்தியும் பாட்டில் ஏற்றும் தேவையும் குறைகின்றன என்று குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டிய பிறகு, 2002இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கலவையை மாற்றின. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்கும் வழக்கமும் இப்படி ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

இப்போது உங்களிடம் கேட்டிருக்கும் ஆய்வுக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பின் குழு, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் குடல் திசுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டது. இரண்டு முறை இந்த வைரஸ் தொற்றிய குழந்தைக்கு அதன் பிறகு கடும் வயிற்றுப்போக்கு வருவதில்லை என்று மெக்சிகோவில் நடந்த ஆய்வொன்று 1996இல் சொன்னது. நம் ஊரிலும் அப்படித்தானா என்று பார்ப்பதற்காக, வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை, உங்களிடம் சொன்னதைப் போலவே பணியாளர்கள் வீடு தேடிச் சென்று மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 373 குழந்தைகள் மூன்றாண்டும் முழுமையாக உடனிருந்தார்கள். மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு ஏறத்தாழ 79 விழுக்காடுதான் என்று 2011இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. தடுப்பு மருந்தும் எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை, டப்பியில் மலம் கொடுத்த அந்தக் குடும்பங்களால்தான் நாம் அறிந்துகொண்டோம்.

சென்ற புதன்கிழமை உங்கள் மகளின் வாயில் ரோட்டா சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். நம் நாட்டில் உருவான ரோட்டாவேக், டெல்லியில் 1980களில் பிறந்த பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த, நோய் உண்டாக்காத ஒரு ரோட்டா வகையிலிருந்து வந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் பாதிக்குச் சற்று மேலாகவே தடுக்கிறது என்று உறுதிசெய்த பிறகு, 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள். உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் அஞ்சுவது இயல்பு. அவர் பிள்ளை பெற்று வளர்த்த காலத்தில் எத்தனை வீடுகளில் வயிற்றுப்போக்கால் குழந்தை போனது என்பதையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2: குறைமாதக் குழந்தையின் தந்தை

செவிலியர் அம்மா சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மகள் முப்பதாவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறந்தாள். அன்றிரவு பதினொரு மணிக்கு, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என்னிடம் ஒரு கட்டுத் தாள்களை நீட்டி, பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்திடச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று ஆய்வுக்கான ஒப்புதல் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆய்வால் அவளுக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. இருந்தாலும், கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்ற வருத்தம் ஆறு ஆண்டுகள் கழித்தும் எனக்குள் இருக்கிறது. உங்களுக்கு வீட்டுக்கு எடுத்துச்சென்று படிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதை நல்ல அறிகுறியாகவே நான் பார்க்கிறேன்.

அதே மகளின் கண்களைக் காப்பாற்றியதும் ஆய்வுதான் என்பதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அவள் பிறந்த நான்காவது வாரத்தில் கண் மருத்துவர் வந்து இமைகளை விரித்து விழித்திரையைப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்த்து, மறுநாளே லேசர் சிகிச்சை கொடுத்தார். இப்போது பள்ளியில் கரும்பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பாதிக்கும் இந்த நோய் எதனால் வருகிறது என்று தேடிப் படித்தபோதுதான் ஆக்சிஜனின் வரலாறு எனக்குத் தெரியவந்தது. 1940களில் குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் இங்க்குபேட்டருக்குள் ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்தினார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தார்கள். ஆக்சிஜன்தான் காரணமோ என்று ஐயுற்று வாஷிங்டனில் ஒரு சிறு ஆய்வை நடத்தியபோது, குறைவான ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளைப் பார்த்துப் பொறுக்காத சில செவிலியர்கள், பாவம் மூச்சுத் திணறுமே என்று இரவில் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அந்த அன்பை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. பிறகு 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953இல் தொடங்கிய பெரிய ஆய்வுதான் ஐயத்தைத் தீர்த்தது.

அதைக் கண்டு அஞ்சி ஆக்சிஜனை மிகவும் குறைத்தபோது குழந்தைகள் இறந்தார்கள். மிகைக்கும் குறைவுக்கும் இடையே சரியான அளவு எது என்பதை 2010க்குப் பிந்தைய ஆய்வுகள் வரை தேட வேண்டியிருந்தது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்ட என் மகளின் பாதத்தில் ஒட்டியிருந்த கருவியில் 91க்கும் 95க்கும் இடையே எண்ணைக் காத்துவந்தார்களே, அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பெற்றோரின் கையெழுத்து இருக்கிறது. எனவே சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். முழுவதும் புரிந்த பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள்.

மறுமொழி 3: நெறிமுறைக் குழு உறுப்பினர்

நான் மருத்துவன் அல்லன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழு ஒன்றில் பொதுமக்கள் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். மருத்துவர்கள் மட்டும் கூடி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே சட்டம் அறிந்த ஒருவரும் என்னைப் போன்ற சாமானியர் ஒருவரும் அக்குழுவில் இருந்தாக வேண்டும். முந்தைய மறுமொழியில் நண்பர் விவரித்த முறையில் வாங்கிய கையெழுத்து எங்கள் குழுவின் பார்வைக்கு வந்திருந்தால், அதை ஒப்புதலாகவே நாங்கள் ஏற்றிருக்கமாட்டோம்.

சகோதரி, தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஆய்வாளரின் எண்ணாக இருக்கக் கூடாது. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம் என்றும், விலகினாலும் அங்கே உங்கள் குழந்தைக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை குறையாது என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ரத்தம் எத்தனை மில்லி, எத்தனை முறை, யார் எடுப்பார், மீதமாகும் மாதிரியை வைத்திருப்பார்களா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் மீண்டும் உங்களைக் கேட்பார்களா என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தால் அதை உங்களிடம் சொல்வார்களா என்பதை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டுவிடுங்கள். பல தகவல் தாள்களில் இந்த ஓரிடம் தெளிவற்றிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஏழு வயது ஆகிவிட்டால் பெற்றோரின் ஒப்புதலோடு அதன் இசைவையும் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை.

பெரியவர்களிடம் சோதித்தால் போதாதா என்று எங்கள் குழுவிலும் சிலர் கேட்பதுண்டு. குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை 1950களில் பச்சிளங்குழந்தைகளுக்கு நோய் வருமுன் காக்கும் எண்ணத்தில் கொடுத்துவந்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு 1959இல் ஓர் ஆய்வு வெளிவந்த பிறகுதான், அந்த மருந்தே குழந்தைகளின் உடலைச் சாம்பல் நிறமாக்கிக் கொன்றுவந்தது தெரிந்தது. பெரியவர்களின் கல்லீரல் எளிதில் கழித்துவிடும் அதைப் பிறந்த குழந்தையின் கல்லீரலால் கழிக்க இயலாது. சோதிக்காமல் கொடுப்பதும் குழந்தைகள் மீது செய்யும் சோதனைதான். கணக்கு வைக்காததால் அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ரோட்டா மருந்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்தால் மிகச் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது என்று கண்காணிப்பில் தெரிந்ததும் 1999இலேயே அதை விலக்கிக்கொண்டார்கள். அடுத்து வந்த இரண்டு மருந்துகளையும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். உங்களிடம் கேட்டிருப்பது மருந்தில்லாத, கவனித்துப் பார்க்கும் ஆய்வு. ரத்தம் எடுக்கும்போது உண்டாகும் வலியைத் தவிர வேறு பெரிய இடர் எனக்குத் தெரியவில்லை. அதே நேரத்தில், உங்கள் மகளுக்கு நேரடிப் பலனும் மிகுதியாக இருக்காது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வாரந்தோறும் எடை பார்ப்பதும், நோய் வந்தால் உடனே ஒருவர் கவனிப்பதும் உண்டு. மற்றப் பலன் பின்னால் பிறக்கும் குழந்தைகளுக்கு.

கேள்வி கேட்டவர்: நிலாவின் அம்மா

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் கணவருக்கு முன் பிறந்து எட்டு மாதத்தில் போய்விட்ட ஓர் ஆண் குழந்தையைப் பற்றிச் சொன்னார். திருமணமாகி வந்த இந்த நான்கு ஆண்டுகளில் அப்படியொரு குழந்தை இருந்ததே எனக்குத் தெரியாது. அதுவும் வயிற்றுப்போக்குதான்.

இன்று காலை ஆய்வுப் பணியாளர் வந்தபோது மாமியாரும் என்னோடு உட்கார்ந்தார். மலத்தில் கிருமி தெரிந்தால் எங்களிடம் சொல்வீர்களா என்று முதலில் கேட்டவர் அவர்தான். பணியாளருக்கு விடை தெரியவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படும் முடிவு எதுவாக இருந்தாலும் அன்றே சொல்வோம் என்று மருத்துவர் கூறினார். அதை எழுதித் தரச் சொல்லி மாமியார் கேட்டார். தகவல் தாளின் ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். நெறிமுறைக் குழுவின் எண்ணும் அதில் இருக்கிறது, அழைத்துப் பேசிவிட்டேன்.

வீட்டுக்கு வருவதற்கும் மல மாதிரி எடுப்பதற்கும் உரிய கட்டங்களில் ஒப்புதல் குறித்துவிட்டேன். ரத்தத்துக்குரிய கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. கணவர் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். அவரும் படித்த பிறகு முடிவு செய்கிறோம் என்று சொன்னதற்கு, அவசரமில்லை, முதல் ரத்தமே ஆறாவது மாதத்தில்தான் என்றார் பணியாளர். மகளின் எடை இன்று 4 கிலோ 300 கிராம்.