பதில்: ‘மீற்றரிங்’ வகைகளுக்குப் பெயர் - பாத்தி, தூக்கல், பொட்டு

எல்லோருக்கும் வணக்கம்.

படம்பிடிப்புச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் மூன்று நாளாக நடந்த பேச்சை இன்றுதான் முழுவதும் வாசித்தேன். படம் எடுக்குமுன் கமரா வெளிச்சத்தை அளக்கிற வேலையான ‘மீற்றரிங்’ என்பதற்கு ஒளிமானம், ஒளியளவீடு, ஒளியளவை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் ஒளியளவை பக்கம். கருவிக்கு ஒளிமானி என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. வெப்பமானி, மழைமானி என்று பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் அதுவும் சேர்ந்துவிடும். ஆனால் ஒளிமானம் என்றால் காதில் முதலில் விழுவது மானம்தான். அளவீடு என்பது அளந்தபின் கையில் கிடைக்கும் எண். அளக்கிற வேலைக்கு அளவை. வன்னியில் இந்தச் சொல்லை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. மீள்குடியேறிய காலத்தில் காணி எல்லை பிரிக்க நில அளவையாளர் எப்போது வருவார் என்று எத்தனையோ வீடுகள் பார்த்திருந்தன. நில அளவை போல ஒளியளவை. சரி, இதை இத்தோடு விடுகிறேன்.

என் கவலை அடுத்த படியைப் பற்றியது: வகைகளின் பெயர். சட்டத்தை (படத்துக்குள் விழும் முழுப் பரப்பை) பல பகுதியாகப் பிரித்து அளக்கும் ‘மற்றிக்ஸ்’ வகையை ஒருவர் தாய ஒளியளவை என்றும் இன்னொருவர் அணி ஒளியளவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கைக் கணிதப் பாடநூலில் தாயம், தமிழ்நாட்டுப் பாடநூலில் அணி. கணிதத்துக்கு இரண்டும் சரி. ஆனால் மற்றிக்ஸ் என்பது நிக்கோன் தன் கமராவுக்கு வைத்த பெயர். ஏறக்குறைய அதே வேலையைக் கனன் ‘மதிப்பிடுவது’ என்று பொருள்படும் வேறொரு பெயரால் சொல்கிறது. கொம்பனியின் பெயரை மொழிபெயர்த்தால் கமரா மாறும்போதெல்லாம் தமிழும் மாறவேண்டி வரும். சட்டத்தின் எந்தப் பகுதியைப் பார்த்துக் கமரா வெளிச்சத்தை அளக்கிறது என்பதைக் கொண்டு பெயர் வைத்தால் எல்லாக் கமராவுக்கும் அது பொருந்தும்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது ஒரு நாயால். முல்லைத்தீவில் சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் கடலுக்குக் கிட்ட ஒரு வீட்டு முற்றத்தில் நின்றோம். காலை ஏழரை மணி, நல்ல வெயில், முற்றம் முழுக்க வெள்ளை மணல். அந்த வீட்டு நாய்க்குக் கறுப்பன் என்று பெயர். உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது. கிடுகு வேலியில் ஒரு பொட்டு, அதாவது நாய் நுழைகிற இடைவெளி, இருக்கிறது, அதுதான் அவனுடைய வாசல். கரைவலை இழுக்கிற சத்தம் கேட்டால் பொட்டுக்குள்ளால் பாய்ந்து கடற்கரைக்கு ஓடுவான், வாயில் ஒரு மீனோடு அதே பொட்டுக்குள்ளால் திரும்புவான்.

பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி சட்டத்தில் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் அளக்கும் ‘ஸ்பொட்’ முறையில் கமராவை வைத்து அவன் ஓடிவருவதைத் தொடர்ச்சியாக எடுத்தாள். பன்னிரண்டு படம். ஒன்றைப் போல ஒன்று இல்லை. முதல் படத்தில் அந்தச் சின்ன வட்டம் கறுப்பனின் நெஞ்சில் விழுந்திருந்தது. அவன் சாம்பல் பூசிய நாயாகவும், மணல் ஒன்றுமே இல்லாத வெறும் வெள்ளையாகவும் வந்திருந்தன. அடுத்ததில் அவன் எம்பிவிட்டான், வட்டத்துக்குள் இருந்தது மணல். மணல் மங்கி, நாய் கரிக்கட்டியாகிவிட்டது. கமராவுக்கு நாயும் தெரியாது, மணலும் தெரியாது. தனக்குக் காட்டப்பட்ட இடத்தை நடுத்தரச் சாம்பல் என்றே, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்றே அது எடுத்துக்கொள்கிறது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது அவள் வேலியைக் காட்டிக் கேட்டாள்: “அக்கா, இது பொட்டுக்குள்ளால பாக்கிற மாதிரித்தானே? நேர வாறது மட்டும்தான் தெரியும்.”

அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். பொட்டு ஒளியளவை.

ஸ்பொட்டுக்குப் ‘புள்ளி’ என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு இரண்டு தடை. கேத்திரகணிதத்தில் புள்ளிக்கு நீள அகலம் இல்லை. கமராவின் இந்த வட்டத்துக்கு உண்டு. மாதிரியைப் பொறுத்துச் சட்டத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை வரும். நெற்றிப் பொட்டும் அப்படித்தான், முகத்தில் சின்ன வட்டம். இரண்டாவது தடை பெரியது. படத்தில் எந்த இடம் கூர்மையாக வரவேண்டும் என்று காட்டும் குவியப் புள்ளிக்கு ஏற்கெனவே ‘புள்ளி’யைக் கொடுத்துவிட்டோம். ஓடுகிற நாயைப் படம் பிடிக்கும்போது “புள்ளியைக் கண்ணில் வை” என்று கத்தினால் பிள்ளை எதை வைப்பாள்? நிக்கோன் கமராக்களில் பெரும்பாலும் அளக்கிற வட்டம் குவியப் புள்ளியோடு சேர்ந்து நகரும். கனனின் பல மாதிரிகளில் அது நடுவிலேயே நின்றுவிடும். புள்ளி கண்ணில் இருக்க, பொட்டு மணலில் கிடக்கும். இந்த வித்தியாசத்தைத் தமிழில் சொல்ல இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது, ‘சென்ரர் வெயிற்றட்’ வகைக்கு ‘மைய எடையிட்ட’ என்று வந்த சொல். இலக்கணத்தில் பிழையில்லை, ஆனால் கேட்டதும் தராசுதான் நினைவுக்கு வருகிறது. இந்த முறையில் கமரா முழுச் சட்டத்தையும் பார்க்கிறது. நடுவுக்கு மட்டும் கூடுதல் பங்கு கொடுக்கிறது. இதற்கு நம் குசினியிலேயே சொல் இருக்கிறதே. கறியில் எல்லாம் போட்டிருக்கும், உறைப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நடுத்தூக்கல் ஒளியளவை. எவ்வளவு தூக்கல் என்றும் கேட்கலாம்: 1980இல் வந்த நிக்கோன் எஃப்3 நடுவிலுள்ள 12 மில்லிமீற்றர் வட்டத்துக்கு 80 பங்கும் மிச்சச் சட்டத்துக்கு 20 பங்கும் கொடுத்தது, எஃப்எம்2இல் அது அறுபதுக்கு நாற்பது. சென்னையிலிருந்து எழுதிய ஐயா பேச்சுச்சொல் பாடநூலுக்கு ஆகாது என்கிறார். “காரம் தூக்கல்” என்று அங்கேயும்தான் சொல்கிறீர்கள், ஐயா. இரண்டு கரையிலும் ஒரே பொருளில் புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு ஒரு கரைக்கும் பழகாத சொல்லை ஏன் கட்டவேண்டும்?

மற்றிக்ஸுக்கு என் தெரிவு பாத்தி ஒளியளவை. 1983இல் நிக்கோன் எஃப்ஏ இதை முதலில் கொண்டுவந்தபோது சட்டத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டது. வெங்காயத் தோட்டத்தைப் பாத்தி பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தண்ணீரைப் பார்ப்பது போல. ‘பல்கூற்று ஒளியளவை’ என்று வவுனியா அக்கா எழுதியதும் நல்ல சொல்தான். பெரும்பான்மை அதற்கென்றால் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

பெயர்கள் வேலை செய்கின்றனவா என்று அடுத்த சனிக்கிழமையே பார்த்தோம். பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். வெயில் மாறாமல் அடிக்கும்போது, நாய் வருமுன்னரே, அதே வெயிலில் நிற்கும் சாம்பல் நிறமான பழைய கிடுகில் பொட்டை வைத்து அளந்து, அந்தக் கணக்கைக் கையால் பூட்டிவிடு. அன்றைக்கு அது ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 400, வில்லைத் துவாரம் எஃப் 5.6, திறப்பு நேரம் 1/1600 செக்கன். அப்புறம் கறுப்பன் வந்தாலென்ன, பக்கத்து வீட்டு வெள்ளைக் குட்டி வந்தாலென்ன, வெளிச்சம் ஒன்றுதான். திறப்பு வேகத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே: மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடும் நாய் 1/1000 செக்கனில் 8 மில்லிமீற்றர் நகரும், 1/250இல் 3 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். மேகம் வந்து வந்து போனால், அல்லது நாய் பனை நிழலுக்குள்ளும் வெளியிலுமாக ஓடினால், பூட்டிய கணக்கு உதவாது, பாத்திக்குப் போ. கறுப்பன் தூரத்தில், சட்டம் முழுக்க வெள்ளை மணல் என்றால் ஒரு ஸ்டொப் கூட்டு, அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கு. கிட்ட வந்து சட்டத்தை நிரப்பிவிட்டான் என்றால் ஒரு ஸ்டொப் குறை. நேரே நம்மை நோக்கி, சட்டத்தின் நடுவிலேயே ஓடிவருகிறான் என்றால் தூக்கலும் நல்லது.

‘பொட்டில் அளந்து பூட்டு’, ‘பாத்தியில் ஒன்று கூட்டு’. ஓட்டத்தின் நடுவில் கூப்பிட்டுச் சொல்லக்கூடிய நீளம். ‘மைய எடையிட்ட ஒளியளவீட்டு முறைக்கு மாற்று’ என்று சொல்லி முடிக்குமுன் நாய் கடற்கரைக்குப் போய்விடும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. 2014இல் நிக்கோன் டி810இல் வந்த முறை, சட்டத்தில் மிகப் பிரகாசமான பகுதி வெளிறிப்போகாமல் பார்த்துக்கொள்வது. வெள்ளை நாய்க்கு அது பெரிய உதவி. அதற்கு ‘வெண்காவல்’ சரிவருமா?

மட்டக்களப்பு, மலையக நண்பர்களிடம் ஒரு கேள்வி. வேலியில் நாய் நுழைகிற இடைவெளிக்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்? பொட்டு என்றால் அங்கே வேறு ஏதாவது பொருள் வருமென்றால் இப்போதே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் சொற்பட்டியலில் ஏற்றுமுன் எனக்கு அது தெரியவேண்டும்.